பொதிமாடு முதல் அனுமதிச் சீட்டு வரை: பழனி மலைப் பாதைகளின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பிரிந்து கிழக்கு நோக்கி ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பழனி மலைத்தொடரின் பெரும்பகுதி, இன்று காப்புக்காடாகவும், 2013-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாகவும் பாதுகாக்கப்படுகிறது. 600 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பரப்புடைய இச்சரணாலயத்தின் உள்ளும் அதன் விளிம்புகளிலும் மலையேற்றக்காரர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகளில் மிகப் பல, மலையேற்றத்துக்கென வெட்டப்பட்டவை அல்ல. உப்பையும் பூண்டையும் ஏலத்தையும் சுமந்த மாடுகளும், நோயாளிகளையும் அதிகாரிகளையும் டோலியில் தூக்கிய மனிதரும், வேலை தேடித் தோட்டங்களுக்கு ஏறிய குடும்பங்களும் மிதித்து உண்டாக்கிய வழிகள் அவை. மோட்டார் சாலை வந்து சுமைகளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டபின், எஞ்சிய வழிகளில் சில காட்டுக்குள் மறைந்தன. சில பொழுதுபோக்கு நடைக்குரியவையாக மாறின. ஆகவே இப்பாதைகளின் வரலாற்றை, எது சுமக்கப்பட்டது, எவர் சுமந்தார், எவருக்கு அவ்வழியில் நடக்கும் உரிமை இருந்தது என்ற மூன்று கேள்விகளைக் கொண்டே எழுத வேண்டியிருக்கிறது.

பாதைகள் அமைந்த விதத்தை விளங்கிக்கொள்ள மலையின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். பழனி மலை, 1,000 முதல் 1,500 மீட்டர் வரை உயர்ந்த கிழக்குப் பகுதியான கீழ்மலை என்றும், 2,000 மீட்டரைத் தாண்டிய மேற்குப் பகுதியான மேல்மலை என்றும் இரண்டாகப் பகுக்கப்படுகிறது. மேல்மலையின் வந்தரவு சிகரம் 2,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. பெரியகுளத்தை நோக்கிய தென்முகம் செங்குத்தான பாறைச் சரிவாக இறங்க, பழனி ஊரை நோக்கிய வடமுகம் படிப்படியாகத் தாழ்கிறது. மேல்மலையின் உச்சிப் பரப்பில் திறந்த புல்வெளியும், நீரோடும் மடிப்புகளில் மட்டும் அடர்ந்து நிற்கும் குட்டை மரக்காடாகிய சோலையும் மாறி மாறி அமைந்திருந்தன. சோலைக்குள் வழி எடுப்பது கடினம் என்பதாலும், புல்வெளியில் தொலைவு வரை பார்வை செல்லும் என்பதாலும், பழைய நடைவழிகள் பெரும்பாலும் புல் மூடிய முகடுகளைப் பற்றியே சென்று, நீர் தேவைப்படும் இடங்களில் மட்டும் சோலையின் ஓரத்துக்கு இறங்கின. யானையும் காட்டுமாடும் ஆண்டுதோறும் ஏறி இறங்கிய தடங்கள் சரிவின் மிக எளிய கோட்டைக் காட்டின. மனிதர் அவற்றைப் பின்பற்றியது இயல்பே.

இம்மலையில் மனித நடமாட்டத்தின் தொன்மைக்குக் கல்லே சான்றாகிறது. தட்டையான பாறைப் பரப்பின்மேல் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் இட்டு எழுப்பப்பட்ட கல்திட்டைகள், அதாவது பெருங்கற்கால மக்களின் ஈமச் சின்னங்கள், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை ஆகிய ஊர்ப்புறங்களில் பரவியுள்ளன. செண்பகனூரில் வாழ்ந்த சேசு சபைத் துறவி ஆங்லாட், நியூட்டன் என்பாருடன் சேர்ந்து இவற்றை ஆராய்ந்து எழுதிய நூல், இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக 1928-இல் வந்தது. பின்னர் தாண்டிக்குடியில் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வு, கீழ்மலை வாழ்வைச் சமவெளிப் பண்பாட்டோடும் வணிகத்தோடும் இணைத்துப் பார்க்க இடமளித்தது. மலையடிவாரத்துப் பொதினியும், மயிலுக்குப் போர்வை தந்தவனாகப் பாடப்படும் ஆவியர் குலத் தலைவன் பேகனும் சங்கப் பாடல்களில் இடம்பெறுவதால், மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையே தொடர்பு நிலவிய காலத்தின் நீளம் ஓரளவு புலனாகிறது. ஆயினும் எந்தக் கல்திட்டையையும் எந்தப் பாதையோடும் நேர்க்கோட்டில் இணைத்துவிட முடியாது. மக்கள் வாழ்ந்த இடங்களைக் கற்கள் காட்டுமேயன்றி, அவர்கள் நடந்த வழிகளைக் காட்டுவதில்லை.

வழிகளைப் பற்றிய உறுதியான செய்தி மலையூர்களின் வேளாண்மையிலிருந்தே தொடங்குகிறது. தேனும் கிழங்கும் திரட்டி வாழ்ந்த பளியர், இம்மலையின் பழங்குடியினராகக் கருதப்படும் புலையர் ஆகியோரோடு, கொங்குச் சமவெளியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் ஏறி வந்ததாகத் தம் மரபைக் கூறும் குன்னுவர் என்ற வேளாண் சமூகத்தாரும் மேல்மலையில் ஊர் அமைத்தனர். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால், வில்பட்டி, வெள்ளகவி போன்ற ஊர்கள் மலைச்சரிவைப் படிகளாக வெட்டிப் பயிர் செய்தன. மலையில் விளையாத உப்பும், துணியும், இரும்பும் கீழிருந்து ஏற, பூண்டும், மலை வாழையும், ஏலமும், காட்டில் திரட்டிய தேனும் கீழே இறங்கின. முதுகின் இருபுறமும் மூட்டை தொங்கவிடப்பட்ட பொதிமாடும், சிறு மலைக்குதிரையும், மனிதனின் தலையுமே சுமைக்கருவிகளாக இருந்தன. சக்கரம் புகாத இவ்வழிகளுக்கு அகலம் தேவைப்படவில்லை. மாடு கால் வழுக்காமல் ஏறவும், எதிரே வரும் மாட்டுக்கு ஒதுங்கவும் இடமிருந்தால் போதுமானதாக இருந்தது. சந்தை நாளும் கோயில் விழாவும் நடையின் காலத்தை வரையறுத்தன. பழனிக்கு நேர்த்திக்கடன் செலுத்த இறங்குவோரும், பூம்பாறைக் குழந்தை வேலப்பரைக் காண ஏறுவோரும் வணிகரின் வழிகளையே பயன்படுத்தினர். மாரிக்குப்பின் மண் சரிந்த இடத்தைச் செப்பனிடுவதும், வழியை மறைத்த புதரை வெட்டுவதும் அவ்வழியை நம்பியிருந்த ஊராரின் பணியாகவே இருந்தன.

இந்த ஊர்வழிகளே கிழக்கிந்தியக் கம்பெனியின் அளவையாளரை மலைக்கு அழைத்துச் சென்றன. 1821-இல் லெப்டினென்ட் பி. எஸ். வார்டு, பெரியகுளத்துக்கு மேலே தென்முகச் சரிவில் அமைந்த வெள்ளகவியைத் தளமாகக் கொண்டு மேல்மலையை அளந்தார். ஒழுங்காக அமைந்த ஊர்களையும் நல்ல தட்பவெப்பத்தையும் அவரது அறிக்கை குறிப்பிட்டது. 1834-இல் மதுரையின் உதவி ஆட்சியராக இருந்த ராட்டன், காட்டன் ஆகியோர் அடுக்கம் கணவாயின் தலைப்பில், செண்பகனூரில், ஒரு சிறு வீடு எழுப்பினர்; 1836-இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் மலைக்கு வந்து இங்குள்ள செடிகொடிகளைப் பதிவு செய்தார். இவர்களில் எவரும் புது வழி கண்டவரல்லர். உள்ளூரார் நெடுங்காலமாக நடந்த வழியில், உள்ளூரார் சுமைதூக்க, உள்ளூரார் வழிகாட்ட ஏறியவர்களே. ஏட்டில் பெயர் பதிந்தவர் அளவையாளர் என்பதனால் வழியின் தொடக்கமும் அவரோடு பிணைக்கப்படுவது, காலனிய ஆவணங்களை மட்டும் நம்பி எழுதும் வரலாற்றின் குறைபாடாகும்.

பாதையின் தன்மையையே மாற்றிய நிகழ்வு 1845-இல் நேர்ந்தது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்கக் கிறித்தவச் சபையினர், வாந்திபேதி முதலிய நோய்களுக்குத் தம்மவர் பலரை இழந்தபின், உடல்நலம் பேணும் இடமாகக் கொடைக்கானலைத் தேர்ந்து, அவ்வாண்டு இரண்டு வீடுகளைக் கட்டினர். அதுவரை விளைபொருளுக்காக இருந்த வழி, இப்போது நடக்க இயலாத உடல்களுக்கும் தேவைப்பட்டது. நாற்காலியையோ தொட்டில் போன்ற இருக்கையையோ இரு நீண்ட கழிகளில் கட்டி, ஆட்கள் தோளில் தூக்கிச் செல்லும் ஊர்தியாகிய டோலி இவ்வழியில் பெருவழக்காயிற்று. தூக்குவோர் அணி அணியாக முறை மாற்றிக்கொண்டு ஏறினர். ஒற்றை மாடு ஏறும் வழியில் டோலி திரும்ப இயலாது. வளைவில் இரு கழிகளின் நீளமும் திரும்பும் அளவுக்கு வழி அகலவேண்டும். தூக்குவோரின் மூச்சுக்கு ஏற்ப ஏற்றமும் குறையவேண்டும். பாதையின் அகலமும் சாய்வும் இவ்வாறு புதிய சுமையால் தீர்மானிக்கப்பட்டன.

அந்தத் தேவையை அரசுப் பணியாக ஏற்றவர் மதுரை ஆட்சியராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு. 1863-இல் சதுப்பு நிலத்து ஓடைகளுக்குக் கரையிட்டுக் கொடைக்கானல் ஏரியை உருவாக்கியவராகவே அவர் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். பெரியகுளப் பக்கத்திலிருந்து ஏறும் குதிரைப் பாதையைச் செம்மைப்படுத்தி முடித்ததும், ஊரைச் சுற்றிப் பல நடைவழிகளை வெட்டியதும் அவரது முயற்சியே. குதிரைப் பாதை என்பது, வண்டி செல்ல இயலாவிடினும், ஏறியமர்ந்த குதிரை தடுமாறாமல் செல்லத்தக்க சாய்வில், சரிவின் குறுக்கே வளைந்து வளைந்து வெட்டப்பட்டு, பள்ளப் பக்கம் கற்சுவர் தாங்க, மேட்டுப் பக்கம் நீர்க்கால் ஓட அமைக்கப்படும் வழியாகும். பழைய ஊர்வழி குறைந்த தூரத்தை நாடி நேரே ஏறியது. குதிரைப் பாதை தூரத்தைக் கூட்டிச் செங்குத்தைக் குறைத்தது. அடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு எனப்பட்ட இடத்தில் தொடங்கிச் செண்பகனூர் வழியாகக் கொடைக்கானலை அடைந்த இப்பாதை, ஏறத்தாழ 12 மைல் தூரத்தில் 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை ஏறிக் கடந்தது.

1875-இல் தென்னிந்திய இருப்புப்பாதை மதுரையை எட்டியபோது, அம்மையநாயக்கனூர் நிலையம் மலைக்குச் செல்வோர் இறங்கும் இடமாயிற்று. பிற்காலத்தில் அதன் பெயரே கொடைக்கானல் ரோடு என மாறியது. அங்கிருந்து மாட்டுவண்டியில் இரவு முழுதும் பயணம் செய்து விடியலில் தோப்பை அடைந்து, வெயில் ஏறுமுன் குதிரையிலோ டோலியிலோ கால்நடையாகவோ மலையேறுவது வழக்கமாயிற்று. பயணிகளின் பெட்டிகளும், வீட்டுச் சாமான்களும், கட்டடங்களுக்கான கண்ணாடியும் இரும்பும் தலைச்சுமையாகவே ஏறின. செண்பகனூரில் 1895-இல் சேசு சபையினர் நிறுவிய திருஇருதயக் கல்லூரியும், 1901-இல் முறையாக ஆய்வுகளைத் தொடங்கிய சூரிய வானாய்வகமும், அதே ஆண்டில் தோன்றிய அமெரிக்க உறைவிடப் பள்ளியும் வண்டிச்சாலை கொடைக்கானலை எட்டியிராத காலத்தில் எழுந்தவை என்பதை நினைவிற்கொண்டால், இப்பாதையின்மேல் ஏறிய சுமையின் அளவு ஓரளவு விளங்கும். மலைவாழிடங்களின் வரலாறு ஆட்சியர்களின், பொறியாளர்களின் பெயர்களால் எழுதப்பட்டிருக்கிறது. சுமந்தவர்களின் பெயர்கள் கூலிக் கணக்கில் எண்ணிக்கையாக நின்றதோடு சரி.

குதிரைப் பாதையின் முடிவு அதன் சிறப்பு நாட்களிலேயே தொடங்கிவிட்டது. மேஜர் ஜி. வி. லா என்பவரின் பெயரால் வழங்கும் மலைச்சாலையின் பணி 1870-களின் பிற்பகுதியில் தொடங்கியதாயினும், நெடுங்காலம் முழுமை பெறாமல் கிடந்து, 1914-இல்தான் மோட்டார் வண்டிகள் ஏறத்தக்கதாகக் கொடைக்கானலை எட்டியது. வத்தலக்குண்டுப் பக்கமிருந்து கீழ்மலையின் பண்ணைக்காடு, பெருமாள்மலை ஆகியவற்றின் வழியாகச் சுற்றிவந்த அச்சாலை பழைய வழியைவிடப் பன்மடங்கு நீளமானது; ஆனால் இயந்திரத்துக்குத் தூரம் பொருட்டன்று. டோலித் தொழிலும் அடிவாரத் தோப்பின் பரபரப்பும் சில ஆண்டுகளில் அடங்கின. சாலை தொட்ட ஊர்கள் சந்தைகளாக வளர, பழைய பாதையைச் சார்ந்திருந்த வெள்ளகவி போன்ற ஊர்கள் போக்குவரத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. ஒரு காலத்தில் மேல்மலைக்கு வாயிலாக இருந்த அவ்வூர், நூறாண்டுக்கும் மேலாகக் கால்நடையாக மட்டுமே அடையத்தக்க ஊராக நின்றது இம்மாற்றத்தின் விளைவு.

மலைத்தொடரின் மேற்குக் கோடியில் இதே மாற்றம் வேறு வடிவில் நிகழ்ந்தது. மூணாறுப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போடிநாயக்கனூரே நீண்டகாலம் சமவெளி வாயிலாக இருந்தது. குரங்கணி, கொட்டகுடி வழியாக ஏறிய செங்குத்தான பாதையில், கங்காணி எனப்பட்ட ஆள்சேர்ப்பு மேலாளர்களின் பின்னே தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தோட்டங்களுக்கு ஏறின. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காக 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாள ஊர்தி அமைக்கப்பட்டு, 1908-இல் அது இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. அதன் முடிவிடமே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடியை அடைந்த பெட்டிகள் வண்டியில் போடிக்குச் சென்றன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அழித்தது. அது மீண்டும் போடப்படவில்லை. இன்று குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுவோர் இயற்கை எழில் என்று காணும் வழி, கம்பிவடத்தின் அடியில் மனிதர் ஏறிய தொழில்வழியே ஆகும்.

சுமை நீங்கத் தொடங்கிய காலத்திலேயே வழியின் மீதான உரிமையும் மாறியது. 1882-ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம், அரசு ஒரு நிலப்பரப்பைக் காப்புக்காடாக அறிவிக்குமுன், வன நிர்ணய அலுவலர் ஒருவர் அங்குள்ள மக்களின் கோரிக்கைகளை விசாரிக்க வேண்டும் என்று விதித்தது. மேய்ச்சல், காட்டு விளைபொருள், நீர்க்கால் ஆகியவற்றோடு வழி நடக்கும் உரிமையும் அவ்விசாரணைக்குரியதாகச் சட்டத்தில் இடம்பெற்றது. எனவே சட்டம் பழைய வழிகளை முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால், கேட்டுப் பதிவு செய்யப்பட்ட வழி உரிமையாகவும், பதிவு செய்யப்படாத வழி அத்துமீறலாகவும் ஆயிற்று. எழுத்தறியாத பளியருக்கும், ஆண்டுக்கொரு முறை மட்டும் ஒரு தடத்தைப் பயன்படுத்தியவருக்கும் இந்த வேறுபாடு பெரிய இழப்பாக முடியக்கூடியதாக இருந்தது. காவலர் ரோந்து செல்லவும், தீத்தடுப்புக்காகப் புல்லையும் புதரையும் அகற்றவும் வனத்துறை புதிய தடங்களை வெட்டியது. தொலைதூர முகாம்களில் ஓய்வு விடுதிகளைக் கட்டியது. ஊராரின் பராமரிப்பில் இருந்த பாதைவலை துறையின் பராமரிப்புக்குள் வந்தது.

நடப்பதற்காகவே நடப்பது என்ற பழக்கம் இக்காலத்தில்தான் மலையில் வேரூன்றியது. 1872-இல் லெப்டினென்ட் கோக்கர், தென்முகச் செங்குத்தின் விளிம்பில் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டிய உலாவழி எந்தச் சந்தைக்கும் எந்த ஊருக்கும் செல்வதில்லை. காட்சியே அதன் பயன். கோடையில் தங்கவந்த மிஷனரிக் குடும்பங்களும் பள்ளி மாணவரும் பேரிஜம், கூக்கால் குகைகள், மேல்மலையின் சிகரங்கள் ஆகியவற்றுக்கு நாட்கணக்கில் நடந்து செல்வதை மரபாக்கினர். செண்பகனூர்த் துறவியரும் அவர்வழி வந்த ஆய்வாளரும் அதே தடங்களில் செடிகளைச் சேகரித்தனர். 1999-இல் கே. எம். மேத்யூ வெளியிட்ட பழனி மலைத் தாவரத் தொகுதி அம்மரபின் முதிர்ந்த பயனாகும். பிழைப்புக்காக நடந்தவரின் வழியில், நடையையே நோக்கமாகக் கொண்டவர் நடந்தபோது, முன்னவரே பின்னவருக்குச் சுமைகாரராகவும் வழிகாட்டியாகவும் ஆயினர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி இத்தடங்களின் சூழலையே மாற்றியது. தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளின் மரக்கூழுக்காகவும் சீகை, தைலமரம், பைன் ஆகிய அயல் மரங்கள் மேல்மலைப் புல்வெளியில் பெருமளவில் நடப்பட்டன. முகட்டுப் பாதைகளுக்குத் திசை காட்டிய திறந்தவெளி மறைந்து, பல பழைய தடங்கள் நெருங்கிய மரத்தோப்புக்குள் அடையாளமிழந்தன. பேரிஜம் வழியாக மூணாறுக்குச் சென்ற சாலையும் 1990-ஐ ஒட்டிப் பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. அந்நூற்றாண்டின் முற்பகுதியில் மோட்டார் சாலை கால்வழிகளைக் காலியாக்கியது. அதன் முடிவில் வனப்பாதுகாப்பு மோட்டார் சாலையையே காலியாக்கியது.

இவ்வரலாற்றின் கசப்பான திருப்பம் 2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று நேர்ந்தது. கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். உயிரிழந்தோர் எண்ணிக்கை பின்னர் 23-ஐ எட்டியது. காய்ந்த போதைப்புல் மூடிய சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து பாயும் என்பதும், கோடையின் முகப்பில் அச்சரிவுகள் ஆபத்தானவை என்பதும் மலைவாழ்வோர் அறிந்தவையே. பாதை இருந்தது. ஆனால் அப்பாதையை எந்தப் பருவத்தில் தவிர்ப்பது, தீ கண்டால் எப்பக்கம் ஒதுங்குவது என்ற அறிவு பாதையோடு சேர்ந்து கைமாறவில்லை. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டு, வழிகளைக் கடினத்தன்மைக்கேற்ப வகைப்படுத்தி, முன்அனுமதியைக் கட்டாயமாக்கியது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் மலையேற்றத் திட்டம், மாநிலம் முழுவதும் 40 வழிகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்து, வனத்தையொட்டி வாழும் ஊர்களையும் பழங்குடிகளையும் சேர்ந்த இளைஞர்களைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக அமர்த்தியது.

தொகுத்து நோக்குமிடத்து, இம்மலையில் ஒரு வழி நிலைத்ததும் அழிந்ததும் அதன் அழகாலோ பழமையாலோ அன்று. அதைச் செப்பனிட வேண்டிய தேவை யாருக்கேனும் இருந்ததா என்பதனாலேயே. பொதிமாட்டுக்காரருக்கு இருந்த அத்தேவை டோலிப் பயணிக்கும், தோட்ட முதலாளிக்கும், வனக்காவலுக்கும், இறுதியாக மலையேற்றக்காரருக்கும் கைமாறியிருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வழி எஞ்சியது. ஆனால் அதைப் பற்றிய அறிவும் அதன் மீதான உரிமையும் பகுதி பகுதியாகக் கழன்றன. அனுமதிச் சீட்டு முறை உயிர்களையும் காட்டையும் காக்கத் தேவையானதே. ஆனால் பதிவு செய்து ஒருநாள் நடப்பவருக்கும், அரிசி மூட்டையுடன் அன்றாடம் நடப்பவருக்கும் ஒரே விதி பொருந்தாது. காட்டு நிலத்தில் சாலை உள்ளிட்ட ஊர் வசதிகளுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரம்புடன் இடமளித்திருப்பது இவ்வேறுபாட்டை உணர்ந்ததன் அடையாளம். சரணாலயத்தின் வரைபடத்தில் மலையேற்ற வழிகளைக் குறிக்கும்போது, அவற்றுள் எவை இன்றும் ஊர்வழிகள் என்பதையும் சேர்த்துக் குறித்தால்தான் அவ்வரைபடம் பாதைகளின் உண்மையான வரலாற்றுக்குப் பொருத்தமானதாக அமையும்.